பத்தாம் நம்பருக்கு நீ சொன்ன ஓம்

இன்று காலை ஆய்வுகூட அலுமாரியிலிருந்து தடைப்பெட்டியை எடுத்துத் திறந்தேன். மரப்பெட்டி, கறுப்பு மூடி, அதன் மேல் வரிசையாகப் பித்தளைச் செருகிகள். முதலாம் வருடத்தில் நீயும் நானும் மாறி மாறிப் பிடித்து இழுபட்ட அதே பெட்டிதான். ஒரு செருகியைப் பிடுங்கிவிட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனேன். கையில் ஒட்டிய பித்தளையின் மணம் இரத்தத்தின் மணத்துக்குக் கிட்ட வரும். உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. உன் இரத்தம் என் இரண்டு கைகளிலும் காய்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

பெட்டியை மூடிவிட்டு உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத்தான். பக்கத்து அறையில் நின்ற ஆய்வுகூட உதவியாளர் எட்டிப் பார்த்து, “என்ன சேர்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஆறு வருடமாக உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நீ செத்த விதத்துக்குத் திட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்று எனக்கு முதல் வகுப்பு. தற்காலிக உதவி விரிவுரையாளர் என்று கடிதம் தந்திருக்கிறார்கள். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அறிமுகப் பௌதிகவியல் எடுக்க வேண்டும். நாம் இருந்த அதே மண்டபம். மூன்றாம் வரிசையில் யன்னல் பக்கம் நீ இருந்த வாங்குக்கு இப்போது நீல நிறம் அடித்திருக்கிறார்கள்.

நாம் அங்கே போய் உட்கார்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? உயர்தரம் வரை தமிழிலே படித்துவிட்டு வந்த ஒரு மண்டபம் நிறைந்த கூட்டம். முன்னால் நின்றவர் இங்கிலிசில் தொடங்கினார். உந்தம், விசை, கணத்தாக்கு என்று பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே காலையில் கைக்கு உதவாமல் போயின. மொமென்ட் என்பதும் மொமென்டம் என்பதும் ஒன்றுதான் என்று நான் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். நீ எதுவும் எழுதவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் அவர் விரல் உன் பக்கம் நீண்டது. தடையின் அலகு தெரியுமா என்று இங்கிலிசில் கேட்டார்.

நீ எழும்பினாய். “ஓம் சேர்.”

அவரும் நம்மூர்க்காரர்தானே, தமிழுக்கு இறங்கினார். “தெரியுமெண்டால் சொல்லுமன்.”

“ஓம் சேர்.”

“ஓம் ஓம் எண்டு நிண்டால் காணாது தம்பி. விடையைச் சொல்லும்.”

“அதுதான் சேர் விடை. ஓம்.”

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இந்தப் பிழையை எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் விட முடியாது. நம் ஆட்களுக்கு ஆம் என்பதும் ஓம், தடையின் அலகும் ஓம். அதுவும் பிழையில்லை, சரியான விடை. அன்றிலிருந்து உன் பெயர் ஓம். கன்ரீன் அண்ணை கூட, “ஓமுக்கு ஒரு பிளேன்ரீ” என்று உள்ளே குரல் கொடுப்பார்.

நீ கடற்கரைக்காரன், நான் உடுப்பிட்டித் தோட்டக்காரன். நீ என்னை வெங்காயம் என்பாய், நான் உன்னைக் கருவாடு என்பேன். பல்கலைக்கழகத்தடியில், நம்மூர்த் திருநெல்வேலியில், உன்னோடு ஒரே அறை எடுத்தது என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நாம் அதைக் கதைத்ததே இல்லை. நான் முன்கோபக்காரன், நீ சிரிப்புக்காரன். நான் ஒரு மேசையைக் குத்தினால் நீ அந்த மேசையிடம் மன்னிப்புக் கேட்பாய். இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டது யாருடைய புத்தி என்று தெரியாது, ஆனால் அந்த ஏழு மாதம் போல நான் பிறகு சிரித்ததில்லை.

உதைபந்தாட்டப் போட்டிக்கு வருவோம். சுற்றி வளைத்து எழுதினால் நான் என்னைத் தப்ப வைத்துவிடுவேன். இறுதியாட்டம். எங்கள் கழகத்தின் மஞ்சள் ஜேர்சி, முதுகில் பத்து, அது நான். அயலூர்க் கழகத்தின் பின்கள ஆட்டக்காரன் ஒருவன் ஆட்டம் முழுக்க என் கணுக்காலையே தேடித் தேடி அடித்தான். கடைசி விசில் ஊதியபோது அவன் புல்லில் விழுந்து கிடந்தான். பந்து எங்கோ இருந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது. நான் ஓடிப்போய் அவனுடைய முழங்காலில் முழுப் பாரத்தோடு மிதித்தேன். உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் அப்போது எனக்கு இனித்தது.

நீதான் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தாய். சனத்துக்கு நடுவில் கன்னத்தில் அறைந்தாய். “உனக்கு மூளை காலுக்கையோ கிடக்கு? அவன் இனி நடப்பானோ தெரியாது” என்றாய். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அடுத்த நாள் கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். மிதிபட்டவனின் தமையன் பழிக்கு நிற்கிறான் என்று கேள்விப்பட்டபோது, “வரட்டும், பாப்பம்” என்றேன். வாய் மட்டும் இருந்தது.

அவர்கள் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் வந்தார்கள். வெயில் இறங்கவில்லை. வீட்டுக்காரர் கொழும்பில், வளவில் நாம் இருவர் மட்டும். உன் உடுப்பெல்லாம் தோய்த்துக் கொடியில் கிடந்ததால் என்னுடைய மஞ்சள் ஜேர்சியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மாமரத்தடியில் கதிரையை இழுத்துப்போட்டு, ஆய்வுகூட றெக்கோட் புத்தகத்தில் வரைபு கீறிக்கொண்டிருந்தாய். நான் குளியலறையில் இருந்தேன். தகரக் கதவு, உள்ளே கொண்டி, என் தலை முழுக்கச் சவர்க்காரம்.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்ற சத்தமும் வாசல் படலையை உதைத்த சத்தமும் கேட்டன. தகரத்தில் ஆணி போன ஓட்டை ஒன்று இருக்கும், உனக்குத் தெரியும். அதில் கண்ணை வைத்தேன். நான்கு பேர், முகத்தில் துணி, கையில் வாள். மிதிபட்டவனின் தமையன் ஆட்டத்தன்று மைதானத்துக்கு வந்திருக்கவில்லை. அவனுக்கு என் முகம் தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்த ஒழுங்கையின் பெயரும் ஜேர்சியின் நிறமும் நம்பரும்தான் தெரியும்.

“நீதானோ பத்தாம் நம்பர்?”

நீ தலையைத் தூக்கினாய். ஒரு தரம், ஒரேயொரு தரம், குளியலறைப் பக்கம் பார்த்தாய். பிறகு அவனைப் பார்த்து,

“ஓம்” என்றாய்.

முதல் வெட்டைக் கையால் தடுத்தாய். இளநீர் சீவுகிற சத்தம். அந்தச் சத்தத்தை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், ஆனால் ஆறு வருடமாக இளநீர்க் கடையைக் கண்டால் நான் மற்றக் கரைக்கு மாறி நடப்பதை யாருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. இரண்டாவது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில். மூன்றாவது தலையில். கதிரையோடு சரிந்தாய். நாலாவதைக் கீழே கிடக்கும்போது போட்டார்கள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். ஒரு கையால் கொண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். மைதானத்தில் அடுத்தவனின் முழங்காலை உடைத்தவன், அந்தக் கொண்டியைத் திறக்கவில்லை. சவர்க்காரம் கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கை வரவில்லை.

அவர்கள் போன பிறகுதான் ஓடிவந்தேன். துவாயால் கழுத்தைக் கட்டினேன், அது நிமிடத்தில் ஊறிவிட்டது. முன்வீட்டுக்காரரின் ஓட்டோவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு போனேன். வழி முழுக்க நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவு நல்லது.

இரண்டாம் நாள் உனக்கு நினைவு திரும்பியது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். “ஏன்ரா ஓம் எண்டனி?”

கண்ணைத் திறக்காமலே சொன்னாய். “இல்லையெண்டால் உள்ளுக்கை பாப்பாங்கள்.” பிறகு கொஞ்சம் மூச்செடுத்து, “நீ உடுப்புமில்லாமல் வேறை நிண்டனி” என்றாய். சிரிக்கப் பார்த்தாய். தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் கோணியது. றெக்கோட்டைச் சேரிடம் கொடுத்துவிடச் சொன்னாய். அதில் பாதிப் பக்கம் இரத்தம் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. நாலாம் நாள் விடியப் போய்விட்டாய்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பொலிசார் வந்து கேட்டார்கள். “உம்மடை சிநேகிதனுக்கு ஆரோடையும் பிரச்சினை இருந்ததோ?” நான், “தெரியாது ஐயா” என்றேன். அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்தது. குழு மோதலில் மாணவன் பலி என்று பத்திரிகையில் போட்டார்கள். நீயும் ஒரு வாள்வெட்டுக் குழுவோடு தொடர்புள்ளவன் என்ற சந்தேகத்தையும் ஒரு வரியில் சேர்த்திருந்தார்கள். நம் வகுப்புப் பிள்ளைகள் உனக்கு அடித்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். உன் செத்த வீட்டுக்கு வந்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். உன் தங்கைக்குப் பேசி முற்றான சம்பந்தம் அடுத்த மாதமே குழம்பியது. “வாளோடை திரிஞ்சவன்ரை தங்கச்சி” என்றார்களாம்.

சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில், “அவங்கடை பெடியன் வெட்டுப்பட்டதுக்கு நீ ஏன் உன்ரை பேரைக் குடுக்கிறாய்? படிப்பும் போய், வழக்கும் வரும்” என்றார். அவங்கடை என்ற அந்தச் சொல்லுக்கு அவருடைய கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். நான் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அவர் மேல் பழியைப் போட எனக்கு உரிமையில்லை. எனக்கு அந்தச் சொல் வசதியாக இருந்தது.

பதிலுக்கு ஒன்று செய்தேன். அதைப் பெருமையாக எழுதவில்லை. ஓட்டைக்குள்ளால் கண்ட சிவப்பு மோட்டார் சைக்கிளைத் தேடி, ஒரு முழத் தண்ணீர்க் குழாயைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு மருதனார்மடச் சந்தியில் மூன்று பின்னேரம் நின்றேன். மூன்றாம் நாள் சந்தையடியில் அவன் வந்து நிறுத்தினான். துணியில்லாத முகம், என்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும், கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். தோளில் விளாசினேன். இன்னொன்று முதுகில். அவன் முருங்கைக்காய்களின் மேல் விழுந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, உண்மையிலேயே விளங்காமல் கேட்டான்.

“நீ ஆரடா?”

அதே குரல். உன்னிடம் கேட்டது போலத்தான் என்னிடமும் கேட்டான். நான்தான் பத்தாம் நம்பர் என்று சொல்ல மூன்று சொல் போதும். சனம் கூடியது. குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மூன்றாம் விதியைப் படிக்கிற பிள்ளைகள் எப்போதும் ஒரு பிழை விடுவார்கள். தாக்கமும் மறுதாக்கமும் சமம், எதிர் என்றால் ஒன்றையொன்று வெட்டி இல்லாமல் போய்விடுமே என்பார்கள். போகாது. ஏனென்றால் இரண்டும் வேறு வேறு உடல்களில் படுகின்றன. என் மிதி ஒருவனுடைய முழங்காலில், வாள் உன் கழுத்தில், குழாய் வேறொருவனின் தோளில். எதுவும் எதையும் ஈடு செய்யவில்லை. இதை நான் இந்த வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்க வேண்டும்.

இன்றைய வகுப்பைச் சொல்கிறேன். பிள்ளைகள் அப்போதைய நம்மைப் போலவே பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு இருந்தார்கள். தடைப்பெட்டியை மேசையில் வைத்தேன். என் வாயிலிருந்து அந்தக் கேள்விதான் வந்தது, நான் நினைத்துக் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெடியன் எழும்பி, “ஓம் சேர்” என்றான். சொல்லிவிட்டுத் தன் விடையின் வேடிக்கை அவனுக்கே பிடிபட்டுச் சிரித்தான். மண்டபம் சிரித்தது.

கையிலிருந்த டஸ்ரரைச் சுவரில் எறிந்தேன். வெண்கட்டித் தூள் பறந்தது. “வெளியிலை போங்கோ எல்லாரும்” என்று கத்தினேன். ஒரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். வகுப்புத் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் போன பிறகு உன் வாங்கில் போய் இருந்தேன். இந்த மண்டபத்தில் இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று தெரிந்தது. என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் உன் திவசத்துக்குப் போகிறேன். எனக்குத்தான் முதல் இலை போடுவார். “அவன்ரை சிநேகிதரிலை நீ ஒருத்தன்தான் மறக்காமல் வாறனி” என்று சொல்லிக்கொண்டு உனக்குப் படைத்த மீன் குழம்பை இரண்டாம் தரமும் ஊற்றுவார். நான் குனிந்து சாப்பிடுவேன்.

இன்று கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். “வா தம்பி. திவசத்துக்கு இன்னும் நாள் கிடக்கே” என்றார். “இரு, பிளேன்ரீ ஊத்துறன்.”

“வேண்டாம் அம்மா. ஒண்டு சொல்ல வேணும்.”

நின்றபடியே சொன்னேன். முழங்காலிலிருந்து தொடங்கினேன். ஜேர்சி, படலை, அவன் கேட்டது, நீ சொன்னது, ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, பொலிசுக்கு நான் சொன்னது, இன்று வகுப்பில் நடந்தது, எல்லாவற்றையும். அவருடைய கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

“நீ கதவுக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனியோ?”

“ஓம் அம்மா.”

கத்தியை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எழும்பினார். அதை நான் கவனித்தேன். பிறகு அடித்தார். செதிலும் உப்பும் ஒட்டிய கையால் முகத்தில், காதில், வாயில். “ஆறு வருசம்” என்று ஒரு அடி. “என்ரை கையாலை சோறு திண்டனி” என்று ஒரு அடி. “என்ரை பிள்ளையைச் சனம் காவாலி எண்டு சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருந்து சோறு திண்டனி.” உதடு வெடித்து இரத்தம் வந்தது. உன் தங்கை ஓடிவந்து, “அம்மா, விடுங்கோ” என்று பிடித்தாள். அவளையும் தள்ளிவிட்டார். நான் கையைத் தூக்கவில்லை. அடித்துக் களைத்து மூச்சு வாங்க நின்றார். இனி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் சேட்டுக் கொலரைக் கொத்தாகப் பிடித்தார்.

“எனக்குச் சொன்னது காணாது. வா.”

இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தார். முதற் படலை, உன் தங்கையின் சம்பந்தக்காரருக்குக் கதை கொண்டுபோன மனுசியுடையது. அவர் வெளியே வந்து என் முகத்தைக் கண்டு விறைத்து நின்றார். தலையைக் குனிந்து மெல்லத் தொடங்கினேன். அம்மா பிடரியில் ஒன்று வைத்தார்.

“பலத்துச் சொல்லு. அவவுக்குக் காது மந்தம், கூடாத கதையெண்டால் மட்டும்தான் கேக்கும்.”

சொன்னேன். “இவவின்ரை மகன் வாள் தொட்டவன் இல்லை. காலை உடைச்சது நான். அவன் வாங்கின வெட்டு எனக்கெண்டு வந்தது.” அந்த மனுசி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கேட்க நிற்கவில்லை, என்னை அடுத்த படலைக்கு இழுத்தார். அங்கே ஒரு கிழவரும் மருமகளும் நின்றார்கள். மூன்றாவதில் வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவர் எழும்பி வந்து, நான் சொல்லி முடித்ததும் என் காலடியில் துப்பினார். நாலாவது வீட்டில் சொல்லும்போது யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அம்மா என் சேட்டுக் கொலரை எப்போதோ விட்டுவிட்டார். உன் தங்கை பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

அப்போது பொழுது பட்டுவிட்டது. கோயில் மணி கேட்டு, அம்மா முந்தானையால் கையைத் துடைத்தார்.

“நாளைக்கு வகுப்பு எத்தினை மணிக்கு முடியுது?”

“மூண்டு மணிக்கு.”

“முடிச்சுப்போட்டு வா. ஏழு படலை கிடக்கு. அது முடியப் பொலிசு.”

மச்சான், இதை எழுதும்போது உதடு வீங்கிக் கிடக்கிறது. தேநீர் குடிக்க எரிகிறது. காலையில் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதல் பாடத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும். பொலிசுக்குப் போன பிறகு இந்த வேலை இருக்குமோ தெரியாது. போகட்டும். அம்மா அடித்ததிலும், துப்பல் விழுந்ததிலும், எனக்குக் கோபம் வரவில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன், நீ நம்பமாட்டாய். கையில் இருப்பது அந்த மூன்று வசனம்தான். ஒவ்வொரு படலையிலும் அது கொஞ்சம் பலத்து வந்தது.

நாளைக்கு ஏழு வீடு.